கட்டத்துக்கு வெளியே ஒரு சொல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாமாவும் பட்டாணியும் சுகம்தானே? மாமாவின் முழங்கால் வலி தேவலையா? லிஃப்ட் மெக்கானிக் படி ஏறியே காலைக் கெடுத்துக்கொண்டார் என்று இங்கே சொன்னால் ஒருவனும் நம்பவில்லை.

ஒரு புது சமாச்சாரம். சிறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர், அதிலும் இணைய இணைப்பு கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் என் முறை வரும். மற்ற நாளெல்லாம் நோட்டில் எழுதிப் பழகுவதுதான். தரையில் படுத்து நீச்சல் கற்கிற கதை.

வலைப்பக்கம் எழுதச் சொல்லித் தருகிறார் வாத்தியார். இப்போது அட்டவணைப் பாடம். வரிசையைத் திறக்க டேக் என்று ஒரு குறிச்சொல், அதற்குள் கட்டத்தைத் திறக்க ஒரு டேக், திறந்ததை எல்லாம் மூட ஒவ்வொரு டேக். நோட்டில் எழுதினால் எல்லாமே சரி மாதிரிதான் இருக்கிறது. உன் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இத்துடன் நான் எழுதி அனுப்புவதை அடித்து, பிரவுசரில் திறந்து, எப்படித் தெரிகிறது என்று எழுதுவாயா? திருத்தக் கூடாது. எக்ஸ்ரே ரிப்போர்ட் அடிக்கிறாயே, டாக்டர் எழுதியதை ஒரு புள்ளி மாற்றாமல், அப்படி.

ஆகஸ்டில் பரீட்சை. செப்டம்பர் பதினேழு விடுதலை. தேறினால் தனக்குத் தெரிந்த இடத்தில் வேலை உண்டு என்கிறார் வாத்தியார். இனி என்னிடம் யாரும் வண்டிச் சாவி தர மாட்டார்கள், தந்தாலும் நான் தொட மாட்டேன். குடித்துவிட்டு ஓட்டி, பட்டாணியின் அம்மாவையும் சைக்கிளில் போன ஒரு பெரியவரையும் கொன்றவன். இரண்டு வயசுப் பிள்ளையை உன் இடுப்பில் விட்டுவிட்டு உள்ளே வந்தேன். இப்போது அவளுக்கு ஏழு. 'நான்தான் உன் அப்பா' என்று போய் நிற்கும்போது கையில் ஒரு வேலையாவது இருக்க வேண்டும்.

என்னைப் பற்றிக் கேட்கிறாளா? என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? நல்லவன் என்று சொல்ல வேண்டாம். இருக்கிறேன் என்று சொன்னால் போதும்.

உன் தம்பி

*

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லாரும் சுகம். மாமாவின் காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து என் கைவலி போய்விட்டது, அவர் வலி அப்படியே இருக்கிறது.

நீ அனுப்பிய அட்டவணையை அடித்துப் பார்த்தேன். மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம், கோடு போட்டு அழகாக வந்தது. அடிக்கும்போது ஒன்று கவனித்தேன். இரண்டாவது வரிசையில் நீ கட்டங்களைத் திறந்தாயே தவிர ஒன்றைக்கூட மூடவில்லை. சின்ன வயதிலும் உனக்கு அதே பழக்கம்தான், அலமாரியைத் திறந்தால் மூட ஆள் வேண்டும். ஆனால் பிரவுசர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டம் திறந்ததும் முந்தையதைத் தானே மூடிக்கொண்டுவிட்டது. அதனால் சரி என்று சொல்வதா, தப்பு என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. வாத்தியாரைக் கேள்.

பட்டாணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் காற்றுதான் வருகிறது. வாசிப்பதில் கெட்டிக்காரி, மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, எதையும் விடுவதில்லை. ஷூ மறுபடி சின்னதாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். நீங்கள் எல்லாரும் சௌக்கியமாக இருங்கள்.

கூத்தைக் கேள். நான் அட்டவணை அனுப்பிய கடிதத்தை வெளியே விடாமல் பத்து நாள் பிடித்து வைத்துவிட்டார்கள். கடிதம் படிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா இது, திறக்கிறே மூடுறே, வரிசைங்கிறே? சுவர் ஏறிக் குதிக்கத் திட்டமா?" என்றார். வாத்தியார் வந்து அட்டவணை என்றால் என்னவென்று அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். இப்போது அவரே "அந்தக் கட்டத்த மூடிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துகிறார்.

மூடாத கட்டத்தைப் பற்றி வாத்தியாரிடம் சொன்னேன். "பிரவுசர் பெத்த தாய் மாதிரிப்பா. பிள்ளை என்ன தப்பு பண்ணினாலும் வெளியே தெரியாம மூடி மறைச்சிடும். பரீட்சை திருத்துறவர் மாமியார் மாதிரி. அவருக்காக எழுது" என்றார். ஆகவே பிரவுசர் மறைத்தது உன் கண்ணில் பட்டால் அதையும் சொல்லு.

இத்துடன் இங்கே எங்கள் ஒரு நாளின் நேர அட்டவணை. வேண்டுமென்றே பெரிதாக எழுதியிருக்கிறேன்.

மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறைதானே? பட்டாணியை ஒரு தடவை அழைத்து வாயேன். ஒரு நாள் ரயில் பயணம், தெரியும். இங்கே கம்பி வைத்த அறையில் இல்லை, பிள்ளைகள் வந்தால் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார விடுகிறார்கள். போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். என்னைப் பற்றிக் கேட்கிறாளா?

உன் தம்பி

*

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் நேர அட்டவணையைப் பார்த்து மாமா வயிறு வலிக்கச் சிரித்தார். நேரம், வேலை, இடம் என்று மூன்று கட்டம் போட வேண்டிய ஒரு வரிசையில் நேரத்தை விட்டுவிட்டாய். பிரவுசர் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை, மற்றவற்றை இடது பக்கம் தள்ளிவிட்டது. அதனால் நேரம் என்ற தலைப்பின் கீழே 'குளியல்', வேலை என்ற இடத்தில் 'குழாயடி'. "குளியல் மணிக்குக் குழாயடி வேலையாம் உன் தம்பிக்கு" என்கிறார். முடிவில் ஒரு கட்டம் குறைந்து அட்டவணை பொக்கை வாயாக இருந்தது. இதைப் பிரவுசராலும் மறைக்க முடியவில்லை.

மே மாதம் வருவது கஷ்டம். பட்டாணிக்குச் சளி விட்டபாடில்லை. மாமாவுக்கு லீவு கிடைக்காது. எக்ஸ்ரே சென்டரில் இன்னொரு பெண் பிரசவத்துக்குப் போகிறாள், அவள் வேலையும் என் தலையில். செப்டம்பர் என்ன, கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும்.

கழுத்துவலி என்று முன்பு எழுதினாயே, இப்போது எப்படி?

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்துவலி போய்விட்டது. உங்கள் மூவரின் நலத்துக்கு எழுதவும்.

வர முடியாவிட்டால் பரவாயில்லை. வேறொன்று செய்திருக்கிறேன். பட்டாணிக்காக ஒரு பக்கம். 'நம் வீடு' என்று தலைப்பு. கீழே அட்டவணை. பெயர், பட்டாணிக்கு என்ன உறவு, வயது, பிடித்தது என்று நான்கு கட்டம். முதல் வரிசை பட்டாணி. இரண்டாவது நீ, உறவு அத்தை, பிடித்தது மற்றவர் தட்டில் எடுத்துத் தின்பது. மூன்றாவது மாமா, பிடித்தது உன் திட்டு. நான்காவது நான். ஐந்தாவது அவள் அம்மா. வயதுக் கட்டத்தில் இருபத்தாறு என்று போட்டேன், அதற்கு மேல் அவளுக்கு ஏறாது.

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. என் வரிசையில்தான் ஆறு நாள். உறவு என்ற இடத்தில் அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குக் கை வரவில்லை. எனக்கு அந்தத் தகுதி உண்டா என்று நினைத்து நினைத்துக் கோடு போட்டு அடித்தேன், திரும்ப எழுதினேன். கடைசியில் எழுதிவிட்டேன்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திற அக்கா. அவளே வாசிக்கட்டும். என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் தம்பி

*

மே 22

தம்பிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

உன் பக்கத்தை அடித்துப் பார்த்தேன். நன்றாக வந்தது. எல்லாம் அதனதன் கட்டத்தில் சரியாக இருந்தது. பட்டாணியும் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் சுகமா?

முந்தாநாள் கம்ப்யூட்டரில் என் முறை. உனக்கு அனுப்பியதன் பிரதி என் நோட்டில் இருக்கிறது. அதையே எழுத்துக்கு எழுத்து அடித்தேன். பட்டாணி பார்த்ததை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை.

திறந்தால் என் வரிசையில் உறவுக் கட்டம் காலி. அட்டவணைக்கு மேலே, கோடுகளுக்கெல்லாம் வெளியே, 'அப்பா' என்று ஒரு சொல் தனியாக நின்றது.

வாத்தியார் பார்த்துவிட்டுக் காட்டினார். நான் கட்டத்தைத் திறந்தேன், உடனே மூடிவிட்டேன், மூடிய பிறகு சொல்லை எழுதியிருக்கிறேன். அத்தனை தடவை அடித்துத் திருத்தியதில் வந்த வினை. "கட்டமில்லாத சொல்ல பிரவுசர் தூக்கிப் போடாதுப்பா. அட்டவணைக்குள்ளயும் வச்சுக்காது. தூக்கி வெளியே மேல வச்சிடும்" என்றார். வேறு மாதிரி தெரிய வழியே இல்லையா என்று கேட்டேன். இந்தக் காலத்து எந்தப் பிரவுசரிலும் இப்படித்தானாம்.

அக்கா, நீ ஒரு புள்ளி மாற்றாமல் அடிக்கிறவள். பல்லில்லாத வரிசையைப் பார்த்து அரைப் பக்கம் கேலி எழுதியவள். இதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் அதனதன் கட்டத்தில்' என்று ஏன் எழுதினாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது என்றேன், மூன்று வார்த்தை எழுதினாய். அங்கே என்ன நடந்தது?

கோபமாகக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

உன் தம்பி

*

ஜூலை 14

அக்கா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பட்டாணி நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. வேறு எதையும் கேட்க மாட்டேன்.

தம்பி

*

ஜூலை 30

தம்பிக்கு,

பட்டாணி நன்றாக இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். புதுப் பல் முளைத்துவிட்டது.

உன் இரண்டு கடிதமும் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. தினமும் எடுத்துப் படிப்பேன், வைத்துவிடுவேன். மாமா நேற்று, "நீ எழுதுறியா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டார். நானே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரம், சாயங்காலம் கூப்பிடப் போனேன். வாசலில் நின்ற ஆயா, "உங்கம்மா வந்துட்டாங்க, ஓடு" என்றாள். இவள் ஓடி வந்து, "அம்மா" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அதுவரை அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. ரிப்போர்ட்டில் வலது இடது மாறியிருந்தால் டாக்டரிடம் ஓடுகிறவள், அதைத் திருத்தவில்லை. எனக்கு மூன்று தடவை கரு கலைந்தது உனக்குத் தெரியும். அந்தச் சொல்லை என்னைப் பார்த்து ஒருத்தி சொன்னாள். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மாமாவை அப்பா என்றாள். நாளை நாளை என்று மூன்று வருஷம் ஆகிவிட்டது.

நான் அம்மா என்றால் நீ யார்? அம்மாவின் தம்பி. உன் கடிதங்களை அவள் 'வெளியூர் மாமா லெட்டர்' என்பாள். அதனால்தான் மே மாதம் வரவில்லை. சளி எல்லாம் ஒன்றும் இல்லை.

நீ கேட்டபடியே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் திறந்தேன். அடித்தபோது என் வரிசையையும் மாமா வரிசையையும் மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. மாற்றவில்லை. இதிலாவது உனக்கு உண்மையாக இருக்க நினைத்தேன். அவள் வாசித்தாள். "என்னம்மா, மாமா எல்லாம் தப்பா எழுதியிருக்காரு? உன்னைப் போய் அத்தைன்னு போட்டிருக்காரு, அப்பாவ மாமாங்கிறாரு" என்றாள். அப்புறம் மேலே பார்த்தாள். "இது யாரோட அப்பா, தனியா நிக்குது?" என்றாள்.

அவள் அச்செடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பென்சிலால் அவளே திருத்தினாள். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருக்கும் பெயரைக் காட்டி, "இது யாரு?" என்றாள். "அப்புறம் சொல்றேன்" என்றேன்.

என்னை நீ என்ன திட்டினாலும் தகும்.

அக்கா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன்.

தாளைப் பார்த்தேன். மேலே நின்ற 'அப்பா'வைச் சுற்றி வட்டம் போட்டு, அங்கிருந்து அம்பு வரைந்து மாமாவின் கட்டத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். என் காலிக் கட்டத்தில் 'மாமா' என்று எழுதியிருக்கிறாள். எழுத்து அழகாக இருக்கிறது. உன் கையெழுத்து மாதிரியே வளைக்கிறாள்.

இரண்டு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். கடிதமாகவே நான்கு எழுதிக் கிழித்தேன். திருடி என்றுகூட எழுதினேன். நானே என் பிள்ளையின் அம்மாவைக் கொன்றுவிட்டு வந்தவன், அவளுக்கு நீ ஒரு அம்மா கொடுத்திருக்கிறாய், அதில் திருட்டு எங்கே இருக்கிறது என்று அப்புறம் தோன்றியது. தோன்றிய பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. இப்போதும் அடங்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பரீட்சையில் தேறிவிட்டேன். வேலையும் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே அறை பார்த்திருக்கிறார் வாத்தியார். பதினேழாம் தேதி நீங்கள் யாரும் வர வேண்டாம். நான் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். வெளியூர் மாமா வருகிறார் என்று சொல்லி வை. மாமாவாகவே வருகிறேன். மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லாதே அக்கா. அவள் திருத்தியது அப்படியே இருக்கட்டும்.

அவளுக்கு என்ன அளவு ஷூ?

உன் தம்பி

*

செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நான் போன ஞாயிற்றுக்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன்னிடமிருந்து ஒரு மாதமாகப் பதில் இல்லை. நீ என்னை வெறுத்துவிட்டாய் என்று நினைத்தேன். நேரே வந்து வாசலில் நின்று அவளிடம் நீயே சொல்லுவாய், அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று மாமாவும் சொன்னார். அவளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, அவள் அம்மா, சிறை, நீ. அழவில்லை. "அப்போ நீ யாரு?" என்றாள். "அத்தை. உங்கப்பாவோட அக்கா" என்றேன். மடியிலிருந்து இறங்கிக்கொண்டாள். மாமா தன் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்குரூடிரைவர்களைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து என்னை அம்மா என்றும் கூப்பிடுவதில்லை, அத்தை என்றும் கூப்பிடுவதில்லை. "தண்ணி வேணும்", "ஷூ லேஸ் அவுந்துடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

உன் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீ மாமாவாக வந்திருப்பாய், நான் சந்தோஷமாக உனக்கு இலை போட்டிருப்பேன். அப்படிச் செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அழுகை அதனால்தான் வருகிறது.

இன்று காலை ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அவருக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியுமே. நீ பொறந்த அன்னிக்கு முதல்ல தூக்கினது அவர்தான்."

"வீட்டுல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

பின்னியதை அவிழ்த்துவிட்டு அவளே பின்னப் பார்த்தாள். வரவில்லை. பாதி அவிழ்ந்த தலையோடு பள்ளிக்கூடம் போனாள்.

பதினேழாம் தேதி காலை மூன்று பேரும் சிறை வாசலில் நிற்போம். வர வேண்டாம் என்று நீ எழுதியதைச் சொன்னபோது, "நான் வருவேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வந்து உன்னை என்னவென்று கூப்பிடுவாள் என்று தெரியாது. நீ ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே. நானும் கொடுக்கவில்லை. ஷூ அளவு பன்னிரண்டு.

உன் அக்கா